யூனியன் தீவுல நங்கூரம் போட்டாச்சு, கிளியர் இன் (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பண்ணல. இப்ப என்ன செய்ய?

கிரெனடா_புதுசு | சனி இரவு 8.40

வணக்கம். கொஞ்சம் அவசரம். நாங்க கிரெனடாவுக்குக் குடிவந்து மூணு மாசம்தான் ஆகுது. மனைவிக்கு மருத்துவக் கல்லூரியில வேலை. லீவு கிடைச்சுதேன்னு 36 அடி பாய்மரப் படகுல வடக்க கிளம்பினோம். நேத்து ராத்திரி கிரெனடாவோட கேரியாக்குத் தீவுல தங்கினோம். இன்னிக்கு மத்தியானம் யூனியன் தீவு சாட்டம் பே வந்து நங்கூரம் போட்டு, கரையில இறங்கி மீன் பொரிச்சுத் தரச் சொல்லிச் சாப்பிட்டோம்.

சாயந்திரம் பக்கத்துப் படகுக்காரர் டிங்கிங்கிற குட்டிப் படகுல வந்து, "மஞ்சக் கொடியக் காணோமே, கிளியர் பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டார். இது செயின்ட் வின்சென்ட் நாடு, கிரெனடா இல்லன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. எட்டு மைல்கூட வரல, வேற நாடாம்! படகப் பிடிச்சு வெச்சுக்குவாங்களா? அபராதம் எவ்வளவு? மனைவி அழுதுட்டிருக்கா. அடுத்த வாரம் மார்ட்டினிக் வரைக்கும் போறதா திட்டம், அதுக்கு என்ன பேப்பர் வேணும்னும் சொல்லுங்க.

பழைய_மாலுமி | சனி இரவு 9.05

தம்பி, மொதல்ல மஞ்சக் கொடியத் தேடி ஏத்துப்பா. அதுக்கு கியூ கொடின்னு பேரு. "என் கப்பல்ல நோய் கிடையாது, உள்ள வர அனுமதி கொடுங்க"ன்னு அர்த்தம். அனுமதி கிடைக்கற வரைக்கும் கேப்டனத் தவிர எவனும் கரையில கால் வைக்கக் கூடாது. நீங்க மீனே சாப்பிட்டுட்டீங்க.

நான் 1994-ல டிரினிடாட் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல கப்பல விட்டு இறங்கி ஏஜென்ட் ஆபீஸ்ல சேந்தேன். மொத ஆறு மாசம் ஒரே ஜோடி ஷூ. ஒவ்வொரு கப்பலுக்கும் ஆள் பட்டியல கார்பன் தாள் வெச்சு அடிக்கணும், ஒரு எழுத்து தப்பினா மறுபடி மொதல்ல இருந்து. சோறு வடிக்கத் தெரியாம ரொட்டிய டீயில முக்கித் தின்னு நாள ஓட்டினேன். இப்ப உள்ள பசங்களுக்கு எல்லாம் போன்லயே வந்துருது, அதனாலதான் எந்த நாட்டுல நிக்கோம்ங்கிறதே தெரியல. கோவிச்சுக்காத.

வடமராட்சியான் | சனி இரவு 9.20

தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நாங்கள் டொரோண்டோவிலயிருந்து நாலு குடும்பமாய்ப் போய் இரண்டு தரம் படகு வாடைக்கு எடுத்து அந்தப் பக்கம் ஓடினனாங்கள். தீவுச் சனம் நல்ல சனம். மஞ்சள் கொடியை ஏத்திப்போட்டு திங்கள் காலமை போங்கோ, ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.

மார்ட்டினிக் அதைவிட லேசு. அங்க கஸ்டம்ஸ் கந்தோருக்குப் போகவே தேவையில்லை. படகுச் சாமான் விக்கிற கடையில ஒரு கொம்பியூட்டர் இருக்கும், நீங்களே விபரத்தை அடிச்சு பிரிண்ட் எடுத்தால் கடைக்காரர் சீல் குத்துவார். சில யூரோதான். விசா கிசா ஒண்டும் கேக்கேல்லை.

அமைதி_விரும்பி | சனி இரவு 9.31

விடியறதுக்கு முன்ன நங்கூரத்தத் தூக்கிட்டு கேரியாக்கு திரும்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது.

காரைக்கால்_பொண்ணு | சனி இரவு 9.44

தெரியும் சார். பக்கத்துப் படகுக்காரருக்குத் தெரியும், மீன் பொரிச்சவங்களுக்குத் தெரியும், இப்போ நமக்கெல்லாம் தெரியும்.

நான் குவாதலூப்ல இருக்கேன், இதுவும் மார்ட்டினிக் மாதிரி பிரெஞ்சுத் தீவுதான். தயவுசெஞ்சு யாரும் அவருக்கு "விசா வேண்டாம்"னு சொல்லாதீங்க. வடமராட்சி அண்ணாகிட்ட இருக்கிறது கனடா பாஸ்போர்ட். இவர்கிட்ட என்ன இருக்குன்னு யாராவது கேட்டீங்களா? மார்ட்டினிக் பிரான்ஸ்தான், ஐரோப்பிய ஒன்றியம்தான், ஆனா ஷெங்கன்ல (ஒரே விசாவுல சுத்துற ஐரோப்பிய நாடுகள்) சேராது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கண்டிப்பா வேணும். ஷெங்கன் விசா இருந்தாக்கூட அது தானா செல்லாது, இந்தத் தீவுகளுக்குச் செல்லும்னு அதுல குறிச்சிருக்கணும். கடையில கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடுக்கிறது படகுக்கான பேப்பர். அந்தக் கம்ப்யூட்டர் உங்க விசாவக் கேக்கலன்னா விசா வேண்டாம்னு அர்த்தம் ஆகாது.

கேள்வி கேட்டவருக்கு: யார் யார் என்ன பாஸ்போர்ட்? படகு யாரோடது, எந்த நாட்டுப் பதிவு? கேரியாக்குல கிளியர் அவுட் பண்ணீங்களா?

கிரெனடா_புதுசு | சனி இரவு 10.02

எங்க ரெண்டு பேருக்கும் இந்திய பாஸ்போர்ட். கிளியர் அவுட்னா? கிரெனடாவுக்குள்ள இருந்து கிரெனடாவுக்குள்ளதானே கேரியாக்கு வந்தோம், அதனால எதுவும் பண்ணல. படகு மனைவியோட சக டாக்டரோடது. அவர் அமெரிக்கர், பதிவும் அமெரிக்காவுலதான். அவர் இப்ப படகுல இல்ல, லீவுக்கு ஊருக்குப் போயிருக்கார். "எடுத்துட்டுப் போ"ன்னு சாவியக் கொடுத்தார்.

பழைய_மாலுமி | சனி இரவு 10.06

கெட்டுச்சு போ.

நாடோடி_77 | சனி இரவு 10.15

இதுக்குத்தான் நான் விமானத்தோட நிறுத்திக்கிறது. போன வருஷம் ஒரு தீவுல (பேர் வேண்டாம்) படகுல போனதுக்கு மூணு கட்டடம் அலைய விட்டாங்க. இமிக்ரேஷன் ஒரு பக்கம், கஸ்டம்ஸ் ஒரு பக்கம், துறைமுகக் கட்டணம் இன்னொரு பக்கம். அரை ட்ரவுசர் போட்டிருக்கேன்னு ஒருத்தர் திருப்பி அனுப்பிட்டார். பேன்ட் போட்டுட்டு வந்தா ஆபீஸ் பூட்டியாச்சு.

வடமராட்சியான் | சனி இரவு 10.24

1938-ல எங்கட வல்வெட்டித்துறை ஆக்கள் அன்னபூரணிப் பாய்க்கப்பலை அமெரிக்கா குளோஸ்டர் வரைக்கும் ஓடிக் கொண்டுபோனவை. அந்தக் காலத்தில ஆர் இவ்வளவு கடதாசி கேட்டவை? இப்ப எட்டு மைலுக்கு எட்டுப் படிவம்.

காரைக்கால்_பொண்ணு | சனி இரவு 10.33

அண்ணா, அந்தக் காலத்துலயும் கடதாசி இருந்துச்சு. இங்க குவாதலூப்ல 1854-லயே ஒரு கப்பல் நிறைய நம்ம ஆளுங்கள ஒப்பந்தக் கூலியா கொண்டுவந்து இறக்கினாங்க, ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு. அவங்க பேரப் பிள்ளைங்களுக்குத் தமிழ் போயிடுச்சு, குழம்பு மட்டும் "கொலோம்போ"ன்னு ஒவ்வொரு ஓட்டல் பலகையிலயும் நிக்குது. வந்த புதுசுல அந்தப் பேரப் பார்த்து இலங்கைச் சாப்பாடுன்னு நினைச்சு உள்ள போனேன்.

சரி, அவர் பாவம் அங்க தூங்காம உக்காந்திருக்கார். விஷயத்துக்கு வாங்க.

வடமராட்சியான் | சனி இரவு 10.37

ஓம், விசா விசயத்தில நான் சொன்னது பிழை. எங்கட பாஸ்போர்ட்டை வச்சுக் கதைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி.

உப்புக்காற்று | சனி இரவு 11.10

நாலு வருஷமா படகுலயே குடியிருக்கேன், இந்தத் தீவுகளுக்கு நடுவுலதான் பொழப்பு. இப்பதான் சிக்னல் கிடைச்சுது. மொத்தத்தையும் படிச்சேன்.

படகப் பிடிச்சுக்குவாங்களான்னு இப்ப யோசிக்காதீங்க. தெரியாம வந்துட்டேன்னு தானா போய் நிக்கிறவன நடத்துற விதம் வேற, பிடிபட்டவன நடத்துற விதம் வேற. அதனால திங்கள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கமுக்கமா திரும்பிப் போகவும் வேண்டாம். சாட்டம் பேயில கிளியர் பண்ண முடியாது, அது நுழைவுத் துறைமுகமே இல்ல. தீவச் சுத்திக்கிட்டு கிளிஃப்டன் போகணும். நாளைக்குக் காலையில மஞ்சக் கொடியோட அங்க போய் நங்கூரம் போடுங்க. மஞ்சத் துணி எதுவா இருந்தாலும் பரவாயில்ல, கட்டுங்க. நீங்க மட்டும் இறங்குங்க, மனைவி படகுலயே இருக்கட்டும். பெரில் புயல் 2024 ஜூலை 1 அன்னிக்கு கேரியாக்குவையும் யூனியனையும் அடிச்சுப் போட்டுட்டுப் போச்சு. அதனால பழைய கைடு புத்தகத்துல போட்டிருக்கிற கட்டடத்தத் தேடி அலையாதீங்க. கரையில நிக்கிற யாரையாவது கேளுங்க, கூட்டிட்டே போவாங்க. ஞாயிறுங்கிறதால ஓவர்டைம் கட்டணம் கேப்பாங்க. அது லஞ்சம் இல்ல, ரசீது கொடுப்பாங்க, சண்டை போடாதீங்க. கையில கிழக்குக் கரீபியன் டாலர் வெச்சுக்கோங்க. கிரெனடாவுல புழங்குற அதே காசுதான், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70.

உங்க உண்மையான சிக்கல் கிளியர் அவுட் பேப்பர், அதாவது ஒரு நாட்ட விட்டுக் கிளம்பறப்ப அங்க வாங்குற தாள். எந்தத் தீவுக்குள்ள போனாலும் அவங்க மொதல்ல கேக்கிறது, கடைசியா விட்டு வந்த துறைமுகத்தோட பேப்பரத்தான். உங்ககிட்ட அது இல்ல. தாள்படி பார்த்தா நீங்க இன்னும் கிரெனடாவுலதான் இருக்கீங்க. ஒருவேளை கேரியாக்கு போய் அத வாங்கிட்டு வான்னு திருப்பி அனுப்புவாங்க. அனுப்பினா டிரெல் பே போய் வாங்கிட்டு வாங்க, அரை நாள் வேலை.

அடுத்தது, படகுக்காரர் கூட இல்லாதது. இன்னிக்கு ராத்திரியே அவர எழுப்புங்க. "என் படகு, பதிவு எண் இது, இன்னாரு இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் ஓட்ட அனுமதிக்கிறேன்"னு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலோட அனுப்பச் சொல்லுங்க. பதிவுப் பத்திரத்தோட மூலப் பிரதி படகுலதான் எங்கயாவது இருக்கும், சார்ட் மேஜைக்கு (கடல் வரைபடம் விரிக்கிற மேஜை) அடியில பாருங்க. காப்பீட்டுத் தாள் கிடைச்சா அதையும் எடுங்க, ஆனா உங்க பேர் அதுல இருக்கான்னு அவர்கிட்டக் கேளுங்க. ஆள் பட்டியல் மூணு நாலு நகல் எழுதி வெச்சுக்கோங்க. பேனா உங்களோடதா இருக்கட்டும். செயில்கிளியர்னு ஒரு இணையதளம் இருக்கு. கிரெனடா, செயின்ட் லூசியா மாதிரித் தீவுகளுக்கு முன்கூட்டியே விவரத்த அதுல போட்டுடலாம். போட்டுட்டா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அங்க போய் எழுதுற வேலைதான் குறையும், நேர்ல போய் நின்னே ஆகணும்.

ஒரு முக்கியமான விஷயம், யாரும் சொல்லல. உள்ள நுழைஞ்சதும் "குட் மார்னிங்" சொல்லுங்க. வேற எதுவும் பேசறதுக்கு முன்ன. நம்ம ஊர்ல கவுண்டர்ல தலைய நீட்டி நேரா விஷயத்துக்கு வந்துடுவோம், இங்க அது மரியாதைக் குறைவு. அப்புறம் உங்க புரொஃபைல் படத்துல போட்டிருக்கீங்களே, ராணுவப் பச்சை டிசைன் ட்ரவுசர், அத அடியில போட்டுப் பூட்டுங்க. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், பார்படோஸ், டிரினிடாட்னு பல நாட்டுல அது சாதாரண ஆளுங்க போடுறது சட்டப்படி குத்தம்.

மார்ட்டினிக்க இந்தத் தடவை மறந்துடுங்க. கிரெனடாவுக்கும் செயின்ட் வின்சென்டுக்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், அதோட திருப்தி. டொபேகோ கேஸ்னு குட்டித் தீவுக் கூட்டம் ஒண்ணு இருக்கு, அதப் பாருங்க. அங்க பூங்காக் கட்டணம் உண்டு, மீன் பிடிக்கக் கூடாது, பவளத்து மேல நங்கூரம் போடக் கூடாது. மணல் தெரியிற இடமா பாத்துப் போடுங்க. ஆமைங்க கையெட்டுற தூரத்துல வரும், தொடாதீங்க. அப்புறம் பெக்வே தீவு வரைக்கும் போய்த் திரும்புங்க. திரும்பி வரும்போதும் கிளியர் அவுட் உண்டு. கிரெனடா வேலை அனுமதிக் கடிதத்த மறக்காதீங்க, மறுபடி உள்ள வர்றப்ப சுற்றுலாப் பயணின்னு முத்திரை குத்திட்டா அது ஒரு தனி அலைச்சல். வழியில பெட்டிட் மார்ட்டினிக்னு ஒரு குட்டித் தீவு வரும். பேரப் பாத்துட்டு பிரான்ஸ்னு பயப்படாதீங்க, அது கிரெனடா.

படகுல ஈட்டித் துப்பாக்கி, துப்பாக்கி, ட்ரோன், நாய், பூனை ஏதாவது இருக்கா?

கிரெனடா_புதுசு | சனி இரவு 11.18

நாய் இருக்கு. டாக்டரோடது. அதையும் பாத்துக்கச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனார். இன்னிக்குக் கரையில நல்லா ஓடி விளையாடுச்சு.

பழைய_மாலுமி | சனி இரவு 11.19

ஐயோ முருகா.

உப்புக்காற்று | சனி இரவு 11.26

நாய இனிமே படகு விட்டு இறக்காதீங்க. வெறிநாய்க்கடி விஷயத்துல இந்தத் தீவுங்க ரொம்பக் கறார். கவுண்டர்ல கேக்கறதுக்கு முன்ன நீங்களே சொல்லுங்க. தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப் எண் ரெண்டையும் டாக்டர்கிட்டக் கேட்டு வாங்குங்க. கால்நடைத் துறை அனுமதி இல்லாம அதுக்குக் கரை கிடையாது. படகுலயே புல் பாய் விரிச்சு அதுல ஒண்ணுக்குப் போகப் பழக்குங்க.

கிரெனடா_புதுசு | ஞாயிறு மாலை 5.50

எல்லாருக்கும் நன்றி. டிரெல் பேயில இருந்து எழுதுறேன்.

மஞ்சக் கொடி கிடைக்கல. மனைவியோட மஞ்சள் துப்பட்டாவக் கட்டினோம். கிளிஃப்டன்ல ஒரு சின்னப் பையன் ஆபீஸ் வரைக்கும் கூட வந்தான். உள்ள நுழைஞ்ச பதட்டத்துல "சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்"னு ஆரம்பிச்சுட்டேன். அந்த அதிகாரி பேனாவக் கீழ வெச்சுட்டு, என்னைய ஒரு நிமிஷம் பாத்துட்டு, "குட் மார்னிங்"னார். அப்பதான் உப்புக்காற்று சொன்னது ஞாபகம் வந்துது. நானும் சொன்னேன். அதுக்கப்புறம் பேசினார்.

நாயப் பத்தியும் சொன்னேன். நல்லா அரை மணி நேரம் அறிவுரை. அபராதம் போடல, ஓவர்டைம் மட்டும் வாங்கிட்டு ரசீது கொடுத்தார். கேரியாக்கு போய் கிளியர் அவுட் வாங்கிட்டு முறையா வா, நாய கிரெனடாவுல விட்டுட்டு வான்னு சொல்லிட்டார். டாக்டர் கடிதம் ராத்திரியே அனுப்பிட்டார். ஆனா காப்பீட்டுல என் பேர் இல்லையாம், நாளைக்கு கம்பெனிக்கு எழுதிச் சேக்கச் சொல்லியிருக்கார். அது வர்ற வரைக்கும் இங்கயே இருக்கப் போறோம்.

கேரியாக்குல ரெண்டு வாரம் நாய வெச்சுக்கிற மாதிரி யாராவது இருக்காங்களா?

காரைக்கால்_பொண்ணு | ஞாயிறு மாலை 6.04

நாய் எவ்வளவு பெருசு, என்ன சாப்பிடும், வேற நாயோட சண்டை போடுமா? இந்தத் தடவையாவது மொதல்லயே எல்லாத்தையும் எழுதுங்க.