மைக்கில் சத்தமே வரலை, வந்தால் "ம்ம்ம்" ரீங்காரம், அதுவும் இடது காதில் மட்டும்

ஐயாறு_வாசி:
வீடு திருவையாறு பக்கம். தங்கச்சி தேவாரம் பாடுவதைப் பதிவு பண்ண ஒரு கண்டென்சர் மைக் செட், ரெண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஹெட்போன் வாங்கியிருக்கோம். லேப்டாப் விண்டோஸ், மென்பொருள் ஆடாசிட்டி. நாலு பிரச்சினை:
1) கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் திருகு) முழுசாகத் திருகினாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கு, கூடவே "ஸ்ஸ்" இரைச்சல்.
2) அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம்.
3) இடது காதில் மட்டும் கேட்கிறது.
4) பாடும்போது ஹெட்போனில் அவள் குரல் தாமதமாக வருது, தாளம் தப்புது.
மைக்கைத் திருப்பி அனுப்பிடலாமா? செட்டோடு வந்த கேபிளைத்தான் போட்டிருக்கேன். இன்டர்ஃபேஸில் நுழையலை என்பதால் பெரிய பின் கன்வெர்ட்டர் மாட்டியிருக்கேன்.

கேனான்_பின்:
திருப்பி அனுப்பாதீங்க. உங்க கடைசி வரியிலேயே பதில் இருக்கு.

அந்த செட்டில் வர்ற கேபிள் ஒரு பக்கம் மூணு பின் கேனான் (எக்ஸ்எல்ஆர்), மறுபக்கம் ஈபி பின், அதாவது செல்போன் ஹெட்போன் அளவு. கம்ப்யூட்டரின் மைக் துளையில் நேரா சொருகத்தான் அது. நீங்க அதுக்கு பி-38 கன்வெர்ட்டர், அதாவது அந்தப் பெரிய பின், போட்டு இன்டர்ஃபேஸின் கேனான் துளைக்கு நடுவில் இருக்கிற பெரிய துளையில் விட்டிருக்கீங்க. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது கேபிள் வழியாவே மைக்குக்குப் போற கரண்ட், வேணும். அது கேனான் துளையின் 2, 3 பின் வழியாத்தான் வரும். நடுத் துளையில் வராது. 48V பட்டன் சிவப்பா எரியும், மைக் மட்டும் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் மைக்கின் கெயினைத் திருகினா இரைச்சல்தான் பெருகும்.

கடையில் "மைக் கேபிள், ஒரு பக்கம் கேனான் மேல் (பின் நீட்டியது), ஒரு பக்கம் கேனான் ஃபீமேல் (துளை உள்ளது), 3 மீட்டர்" என்று கேளுங்க. "கேனான் டு பி-38" கொடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. மேடை ஆம்பிளிஃபயருக்கு அதைத்தான் அதிகம் விற்பாங்க, கை தானா அதை எடுக்கும்.

மாட்டும் வரிசை: கெயின் பூஜ்யம், கேபிள், அப்புறம் 48V. பத்து விநாடி விட்டு கெயினை மெல்ல ஏத்துங்க. பதிகத்தில் எந்த இடம் மேல் ஸ்தாயியில் உச்சமோ அந்த வரியைப் பாடச் சொல்லி, மீட்டர் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிக்கிற மாதிரி வைங்க. கீழ் ஸ்தாயியில் வச்சு அளவு பார்த்தா, மேலே போகும்போது சிவப்பு எரிஞ்சு குரல் கிழியும். கிழிஞ்ச குரலைப் பிறகு சரி பண்ண வழியில்லை. சின்னதா பதிவானதைப் பெருக்கிக்கலாம்.

இன்னொண்ணு: இந்த வகை மைக்குக்குப் பக்கவாட்டில்தான் காது. நுனியில் பாடக் கூடாது. பெயர் அச்சடிச்ச பக்கம் வாய்க்கு நேரா, ஒரு சாண் தள்ளி.

மூணாவது சுலபம். இன்புட் 1 என்றால் இடது, 2 என்றால் வலது. ஆடாசிட்டியில் பதிவு சேனலை "1 மோனோ" ஆக்குங்க. ஏற்கெனவே பதிஞ்சதில் ஸ்டீரியோவை ரெண்டு மோனோவாப் பிரிச்சு, காலி டிராக்கை நீக்கிடுங்க.

குடமுருட்டி:
தாமதத்துக்கு: குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வர்றதைக் கேட்கிறீங்க. ஆடாசிட்டியில் "சாஃப்ட்வேர் பிளேத்ரூ" இருந்தா அணைச்சுட்டு, இன்டர்ஃபேஸில் "டைரக்ட் மானிட்டர்" சுவிட்சைப் போடுங்க. மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்கு வரும். சுருதிப் பெட்டியையும் ஹெட்போனில் மட்டும் ஓட்டுங்க. அறையில் ஓட்டினா மைக்கில் ஏறிடும், பிறகு பிரிக்க முடியாது.

முதலில் தாளம், அப்புறம் அதைக் கேட்டுக் குரல் என்று அடுக்குறதா இருந்தா, பதிஞ்ச குரல் பின்தங்கி விழும். ஆடாசிட்டி இதைச் சரிக்கட்ட −130 மில்லிநொடி என்று தானே ஒரு எண் வச்சிருக்கும். அது எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொருந்தாது. மெட்ரோனோம் ஓட்டி, ஹெட்போன் கிண்ணத்தை மைக்கில் ஒட்டி வச்சுப் பதிவு பண்ணுங்க. ரெண்டு டிராக்கிலும் "டக்" எத்தனை மில்லிநொடி விலகி நிக்குதுன்னு பாருங்க. புதுசாப் பதிஞ்ச டிராக் 20 மில்லிநொடி பின்னால் இருந்தா அந்த எண்ணை −150 ஆக்குங்க, 20 முன்னால் இருந்தா −110.

ஐயாறு_வாசி:
கேபிள் மாற்றியாச்சு. குரல் கணீரென்று வருது! ஆனால் ரீங்காரம் போகலை, குரல் தெளிந்ததும் அது இன்னும் நன்றாகக் கேட்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் பாதி குறையுது, மீதி இருக்கு. தங்கச்சிக்கு 5 கட்டை. சுருதியோடு சேராமல் ஏதோ அலையடிக்கிறது என்கிறாள்.

வயர்மேன்_குடந்தை:
தங்கச்சி காது சரியாத்தான் சொல்லுது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 100, 150, 200. 5 கட்டை ஆதார ஷட்ஜம் 196. 200-உம் 196-உம் சேர்ந்தா விநாடிக்கு 4 அலை. தம்புராவே பிசகின மாதிரி கேட்கும்.

சார்ஜரைப் பிடுங்கினா குறையுற பாதி, எர்த் பிரச்சினை. மூணு பின் சார்ஜரை ரெண்டு பின் ஜங்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கீங்களா? சார்ஜர் போட்டபடி லேப்டாப் உலோகத்தைத் தொட்டா "சுர்"ருன்னு இருக்கா? மைக் உடம்பைக் கையால பிடிச்சா ரீங்காரம் குறையுதா? ஆமாம்னா எர்த் வரலை.

மீதிப் பாதிக்கு ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்க. பதிவின்போது ஃபேனை நிறுத்தியிருப்பீங்க, ஆனா பக்கத்து அறையில் ஓடும். திருகுற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட்டை அலைக்கு அலை வெட்டி அனுப்பும், "ஜ்ர்ர்" அந்த லைன் முழுக்கப் பரவும். அதை முழு வேகத்தில் வைங்க, இல்லை நிறுத்திப் பாருங்க. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் இதே வேலை செய்யும். மைக் கேபிளை சார்ஜர் வயரோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீங்க, குறுக்கே போகணும்னா செங்குத்தாப் போகட்டும்.

குடமுருட்டி:
அறை பற்றி யாரும் கேட்கலை. சிமென்ட் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலி கிடைக்கும். மைக்குக்குப் பின்னால் போர்வை தொங்கவிடுவதைவிட, பாடுறவங்க முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைக்கிறது மேல். மைக் பார்க்கிற திசை அதுதான். கோரைப்பாய் போதாது, மெலிசு. வயல் மோட்டார் ஓடுற நேரம் தெரிஞ்சா அதைத் தவிருங்க. ஐப்பசி, கார்த்திகையில் மைக்கைத் திறந்து வைக்காதீங்க, ஈரம் ஏறினா "பட் பட்"னு பொரியும். மூடி இறுகுற டப்பா, ரெண்டு மூணு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். நனைஞ்ச மாதிரி இருந்தா வெயிலில் வைக்காம, ஒரு நாள் டப்பாவிலேயே விடுங்க.

ஐயாறு_வாசி:
பக்கத்து அறை ஃபேனை நிறுத்தியதும் "ஜ்ர்ர்" போச்சு. சார்ஜருக்கு மூணு பின் பாயின்ட்டில் மாற்றினேன், அதே "ம்ம்ம்". மல்டிமீட்டரில் பேஸ்–நியூட்ரல் 228, பேஸ்–எர்த் 140, நியூட்ரல்–எர்த் 60 காட்டுது.

வயர்மேன்_குடந்தை:
பாயின்ட்டில் எர்த் பின் இருக்கு, பின்னால் எர்த் இல்லை. பேஸ்–எர்த் 228-ஐ ஒட்டியே வரணும், நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள் இருக்கணும். உங்களது அந்தரத்தில் தொங்குது. நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து முடிச்சுப் போடும் குறுக்கு வழியை யாராவது சொன்னா கேட்காதீங்க. நியூட்ரல் அறுந்தா ஃப்ரிட்ஜ், கிரைண்டர், உங்க மைக் வரை உலோகம் பூரா கரண்ட் ஏறும். லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் குழியும் வயரும் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டிப் பதிவு பண்ணுங்க. ஒரு பதிகத்துக்கு பேட்டரி தாராளம்.