யூஎஸ்பி 3 போதுமாம்! கிரானைட் சில்லு எங்கே தெரியும்?

தகடூரான்: “கிரானைட் அறுக்கும்போது தெறிக்கிற சில்லைப் படம் பிடிக்க யூஎஸ்பி 3 கேமரா போதும், ஃப்ரேம் கிராப்பர் கார்டு (கேமரா படத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள வாங்குற தனி அட்டை) தண்டச் செலவு”ன்னு ஆராய்ச்சி மாணவர்களுக்கு நேத்து சொல்லியிருக்கார் ஓசூர் லென்ஸ். கணக்குப் போட்டீங்களா? 1280×1024, நொடிக்கு 1000 ஃப்ரேம், பிக்சலுக்கு 8 பிட், அதாவது ஒரு பைட். நொடிக்கு 1,310 எம்.பி. வரும். யூஎஸ்பி 3-ல 400 தாண்டாது. மீதியை எங்கே கொட்டுவீங்க?

ஓசூர் லென்ஸ்: முழு சென்சாரையும் எடுக்கச் சொன்னது யாரு? 640×480-க்குச் சுருக்கினா 307 எம்.பி. தாராளமாப் போகும்.

தகடூரான்: டேட்டா போகும், சில்லு தெரியாது. பிளேடு விளிம்பு நொடிக்கு 30 மீட்டர்ல சுத்துது. அந்த வேகத்துல தெறிக்கிற சில்லு ஃப்ரேமுக்கு 30 மி.மீ. நகரும். பிக்சலுக்கு 0.1 மி.மீ. வச்சா 640-க்கு அகலம் 64 மி.மீ. தான். ஒரு சில்லு ரெண்டே ஃப்ரேம்ல பதியும், ரெண்டே புள்ளி! வேகம் கிடைக்கும், வேகம் குறையுறது கிடைக்காது. 1280 இருந்தா நாலு புள்ளி.

ஓசூர் லென்ஸ்: 640×240-ல 2000 ஃப்ரேம் ஓட்டுங்க. அதே 307 எம்.பி., அதே நாலு புள்ளி. 640 போதும்.

தகடூரான்: 240 வரின்னா உயரம் 24 மி.மீ. சில்லு உங்க பேச்சைக் கேட்டுப் படுக்கையாவே பறக்குமா? சாய்வாத் தெறிச்சு மேல போயிடும். 1280 வேணும்.

பாரூரான்: உள்ளேயே மெமரி இருக்கிற கேமரா வாங்கலாமே. 16 ஜி.பி.க்கு இதே அளவுல 12 நொடி நிக்கும். சில்லு தெறிச்ச பிறகு ட்ரிக்கர் (பதிவைப் பிடிச்சு வைக்கச் சொல்ற சிக்னல்) கொடுத்தாலும் முந்தின நொடிகள் கையில இருக்கும்.

ஓசூர் லென்ஸ்: அதை கிகாபிட் கேபிள்ல இறக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுவரை மெஷினை நிறுத்தி வைப்பாங்களா? தர்மபுரியில உக்காந்து பேசாம கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜெகதேவி பக்கம் வந்து பாருங்க.

தகடூரான்: 2004 வரைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம்தான், எங்களுக்குக் கல்லைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க. மாணவர்களே, கேளுங்க. ஃப்ரேம் கிராப்பர் கார்டுக்கு கோஆக்ஸ்பிரஸ் 12-ங்கிற அதிவேக கேமரா இணைப்புல ரெண்டு கேபிள். ஒண்ணு 1,250 எம்.பி. தான் தாங்கும், பத்தாது. கார்டை சிபியூவுக்கு நேரா போற ஸ்லாட்ல போடுங்க. சிப்செட் (மதர்போர்டோட துணை சிப்) வழியாப் போற ஸ்லாட்ல போட்டா எஸ்எஸ்டியோட அதே பாதையில முட்டி ஃப்ரேம் விழும். மலிவு எஸ்எஸ்டியோட கேச் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பினதும் வேகம் படுத்துடும். பெட்டியில போட்ட எண்ணை நம்பாம, பத்து நிமிஷம் விடாம எழுதிப் பார்த்து வாங்குங்க. எக்ஸ்போஷர் (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி வாங்குற நேரம்) 5 மைக்ரோ நொடி, அதுலயே சில்லு ஒன்றரை பிக்சல் இழுபடும். அதுக்கு வெளிச்சம் கொட்டணும். டிம்மர் வச்ச எல்இடி அணைஞ்சு அணைஞ்சு எரியும், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறும். சீரான டிசி கரண்ட் கொடுக்கிற டிரைவர்தான் வேணும். அறுக்கும்போது பிளேடுல ஊத்துற தண்ணி கிளப்புற புகைக்கு முன்னாடி விளக்கு வச்சா வெள்ளையாத்தான் தெரியும், பின்னாடி வைங்க.

ஓசூர் லென்ஸ்: விளக்கைப் பத்தி யார் கேட்டது? கேள்வி கேபிளைப் பத்தி. 640 போதும்.

பாரூரான்: ரெண்டு பேரும் மெமரி கேமராவைக் கடைசி வரைக்கும் யோசிக்கவே இல்ல.

தகடூரான்: 24 மி.மீ.க்கு மேல பறக்கிற சில்லுக்கு முதல்ல பதில் சொல்லச் சொல்லுங்க.

ஓசூர் லென்ஸ்: கேமராவைச் சாய்ச்சு வைங்க, சில்லு போற கோணத்துக்கு.

தகடூரான்: எந்தச் சில்லோட கோணத்துக்கு?