ப்ளெண்டர் (3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்): ராத்திரி முழுக்க ரெண்டர் ஆன வீடியோ ஓப்பன் ஆகல, அவசரம்

நிலா_கிராஃபிக்ஸ்: கல்யாண அழைப்பிதழ் அனிமேஷன் ஒண்ணு ராத்திரி ரெண்டர் (காட்சிகளைப் படமா உருவாக்குற வேலை) போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலைல ஃபைல் இருக்கு, சைஸும் இருக்கு, எந்தப் பிளேயர்லயும் ஓட மாட்டேங்குது. நாளைக்கு டெலிவரி. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மவுஸ்வீல்: எந்த வெர்ஷன்? ரெண்டர் இன்ஜின் சைக்கிள்ஸா ஈவியா? அவுட்புட் ஃபார்மட் என்ன? எர்ரர் ஏதாவது காட்டுச்சா?

டிரைவர்_அப்டேட்: கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர்தான் ப்ரோ. பழசை முழுசா எடுத்துட்டுப் புதுசு போடுங்க.

குளிர்காற்று: லேப்டாப்பா? ராத்திரி முழுக்க ஓடினா சூடாகி ஆஃப் ஆயிருக்கும். அடியில ஃபேன் வெச்ச ஸ்டாண்டு வாங்குங்க.

நிலா_கிராஃபிக்ஸ்: 3.6, சைக்கிள்ஸ், எம்பி4. லேப்டாப் இல்ல, டெஸ்க்டாப். ஃபைல் பேர் 0001-1500னு முழுசா வந்திருக்கே, அப்ப ரெண்டர் முடிஞ்சதுதானே?

பழைய_கை: இல்லை. ரெண்டர் தொடங்கும்போதே ஃப்ரேம் (வீடியோவில் வரும் ஒவ்வொரு தனிப்படம்) எண்களைப் பேரில் போட்டுவிடும், 40வது ஃப்ரேமில் நின்றாலும் பேர் அதேதான். எம்பி4-இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் நின்றுபோனால் அட்டவணை இல்லை, பிளேயருக்கு ஒன்றும் புரியாது. ராத்திரி மெஷின் அணைந்ததா? முதல் பதிவிலேயே சொல்ல வேண்டிய விஷயம். மேனுவலில் ரெண்டர் பகுதியைப் படிக்காமலே எல்லாரும் கல்யாண ஆர்டர் பிடிக்கிறார்கள்.

நிலா_கிராஃபிக்ஸ்: நடுராத்திரி கரண்ட் போச்சு. யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுவா?

மவுஸ்வீல்: அதேதான். அவர் சொன்ன விதத்தை விடுங்க தம்பி, விஷயம் சரி. முதல்ல அந்த ஃபைலை வேற ஃபோல்டர்ல காப்பி எடுத்து வைங்க, திரும்ப ரெண்டர் குடுத்தா அதே பேர்ல மேல எழுதிடும். அதே செட்டிங்ஸ்ல ஒரு சின்ன வீடியோ எடுத்து, அதை மாதிரியா வெச்சு உடைஞ்ச எம்பி4-ஐச் சரி பண்ற டூல் இருக்கு. மீளலாம், மீளாமலும் போகலாம், அதை நம்பி உக்காராதீங்க.

இப்பவே வீடியோவா இல்லாம, ஃப்ரேமுக்கு ஒண்ணா பிஎன்ஜி படங்களா ரெண்டர் போடுங்க. அவுட்புட்ல ஓவர்ரைட் (பழைய ஃபைல் மேல எழுதுறது) டிக்கை எடுத்துடுங்க. கரண்ட் போனாலும் திரும்ப ரெண்டர் அனிமேஷன் அழுத்தினா முடிஞ்ச ஃப்ரேமை விட்டுட்டு மிச்சத்துல இருந்து ஓடும். ப்ளேஸ்ஹோல்டர்ஸ் (ஃப்ரேம் தொடங்கும்போதே காலி ஃபைல் வைக்கிற ஆப்ஷன்) போட்டிருந்தா மட்டும் கவனம்: பாதில நின்ன ஃப்ரேமுக்கு 0 பைட் காலி ஃபைல் கிடக்கும். அதை அழிக்கலைன்னா முடிஞ்சதா நெனச்சுத் தாண்டிடும்.

டிரைவர்_அப்டேட்: எதுக்கு 1500 படம்? எம்கேவி வீடியோவா எடுத்தா நடுவுல நின்னாலும் அதுவரைக்கும் ஓடும்.

பழைய_கை: ஓடும். மீதியைத் தனி ஃபைலாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு பேர் தப்பாக இருந்தால் அந்தச் சில ஃப்ரேம்களை மட்டும் மாற்றவும் முடியாது. கஸ்டமர் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்லாத அழைப்பிதழை நான் பார்த்ததில்லை.

மவுஸ்வீல்: நேரம் குறைவா இருக்கு. மேக்ஸ் சாம்பிள்ஸ் (ஒவ்வொரு புள்ளியையும் எத்தனை தடவை கணக்கு போடணும்ங்கிறது) 4096-லேயே இருந்தா 200 பக்கம் குறைச்சு, புள்ளிப்புள்ளியா வர்றதை நீக்குற டீநாய்ஸ் போட்டுப் பாருங்க. படங்களை ப்ளெண்டர்லயே இருக்கிற வீடியோ சீக்வென்சர்ல சேர்க்கும்போது கலரை மாத்திக் காட்டுற வியூ ட்ரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க. ஃபில்மிக்லயே விட்டா ரெண்டாவது தடவையும் அது ஏறி, பட்டுப்புடவை சிவப்பெல்லாம் வெளுத்துப்போகும். ஆமா, பேரெல்லாம் தமிழ்ல ப்ளெண்டர்லயே அடிச்சீங்களா? 3.6-ல கொம்பு (ெ, ே), எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குமே?

குளிர்காற்று: பாமினி (யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபாண்ட்) போட்டா கொம்பு சரியா வரும். எங்க பிரஸ்ல எல்லாம் அப்படித்தான்.

பழைய_கை: இன்னுமா பாமினி? கஸ்டமர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பும் பேரை மறுபடி உட்கார்ந்து அடிப்பீர்களா? இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாஃப்ட்வேரில் யூனிகோடில் எழுதி, பாத் (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றுவது) ஆக்கி, எஸ்விஜி ஃபைலாகக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

குளிர்காற்று: மாத்துறதுக்கு கன்வெர்ட்டர் இருக்கு சார், யாரும் மறுபடி அடிக்கிறதில்ல. பாத் ஆக்கினப்புறம் ஒரு எழுத்து மாத்தணும்னா நீங்கதான் முதல்ல இருந்து வரணும்.

பழைய_கை: மூல ஃபைலைத் தனியாக வைத்திருப்பவர் வர வேண்டியதில்லை. பாமினியில் கிரந்த எழுத்து வரும்போது என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.

குளிர்காற்று: ஷ, ஜ, ஸ எல்லாம் அதுலயே இருக்கு. ஃபாண்டைத் திறந்து பார்த்துட்டுப் பேசுங்க.

நிலா_கிராஃபிக்ஸ்: பிஎன்ஜி-ல எடுத்து சேர்த்துட்டேன், வீடியோ ஓடுது. கலரும் ஓகே. நாதஸ்வரம் சவுண்டு மட்டும் வரல.

மவுஸ்வீல்: வீடியோவா சேர்க்கிற என்கோடிங் செட்டிங்ஸ்ல ஆடியோ கோடெக் (சத்தத்தைச் சேமிக்கிற முறை) "நோ ஆடியோ"ன்னு இருக்கும், ஏஏசி-க்கு மாத்துங்க. படங்களை மறுபடி ரெண்டர் பண்ண வேண்டாம், சேர்க்கிற வேலையை மட்டும் திரும்பச் செஞ்சா போதும்.