சிறுநீரக மாற்று: டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சேலத்து வாசகி:
என் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் நான்தான். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் மருந்துச் சீட்டை அவரிடம் காட்டி மளமளவென்று ஒப்பித்தார். ஸ்டீராய்டால் தூக்கம் கெட்டிருந்த அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வந்த மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளர் சீட்டை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "அம்மா, ரத்தப் பரிசோதனை நாளில் காலை எட்டு மணி டாக்ரோலிமஸை என்ன செய்வீர்கள்?" புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கப் போடும் மருந்து அது. மாமியார் முந்திக்கொண்டார்: "கொடுத்துவிட்டுத்தான் கூட்டி வருவோம்." "இல்லை அம்மா, கையோடு கொண்டுவாருங்கள். ரத்தம் எடுத்த பிறகு விழுங்கட்டும். முந்தைய இரவு போட்டதில் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார்." எங்கள் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் விட்டார். மாமியார் இன்றைக்கும் அந்தக் கணக்கைப் பிசகாமல் சொல்வார்.

மதுரை மகன்:
எங்கள் வீட்டில் மருந்து நேரம் தவறவில்லை. பார்க்க வந்த சொந்தங்கள்தான் பெரும்பாடு! ஒருவர் மூட்டுவலிக்கு மருந்துக்கடை மாத்திரையை நீட்டினார். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கே ஆகாது. பெரிய மாமா பம்ப்ளிமாஸ் பழம் வாங்கிவந்து உரித்தே வைத்துவிட்டார். "பழம்தானே மாப்பிள்ளை!" உடலில் டாக்ரோலிமஸ் சிதைவதை அந்தப் பழம் தடுத்துவிடும், ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறினால் கை நடுங்கும், சிறுநீரகமும் கெடும். மாமாவிடம் வாதாடிப் பயனில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரையே துணைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வாயால் கேட்ட பிறகு, வருகிறவர்களின் பையைச் சோதிப்பவர் அவர்தான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே போன் செய்ய வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி.

ஓய்வுபெற்ற செவிலியர்:
சேலத்து அம்மா, அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உங்களை யார் கவனிக்கிறார்கள்? தானம் கொடுத்த மனைவிமார் வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தொடக்க வாரங்களில் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் மூன்றையும் ஆயுள் முழுக்கப் பார்த்தாக வேண்டும். மருந்துக்கடை வலி மாத்திரை உங்களுக்கும்தான் ஆகாது.

சேலத்து வாசகி:
முதல் ஆண்டு யாரும் கேட்கவில்லை, "உனக்கென்ன, நீ நோயாளியா?" என்பார்கள். இப்போது அவருக்கு ரத்தம் எடுக்கப் போகும்போது எனக்கும் சேர்த்துப் பார்த்துவிடுகிறோம். என் பெயரில் தனி ஃபைல் போட்டாயிற்று.