காலையில் நாயை அவிழ்த்து விடுவது: ரோட்டைத் தவிர வேறென்ன ஆபத்து?

தென்னந்தோப்பு:
இரண்டு வயது ஆண் நாய், கன்னிக் கலப்பு. கருத்தடை செய்யவில்லை. காலை ஐந்தரைக்கு கேட்டைத் திறந்துவிட்டால் ஏழு மணிக்குள் தானாக வந்துவிடும். சுற்றிலும் தோப்பு, மெயின் ரோடு கொஞ்சம் தள்ளித்தான். ஊசியெல்லாம் போட்டாச்சு. கட்டியே வைத்தால் கடிக்க ஆரம்பித்துவிடும் என்கிறார் அப்பா. வண்டியைத் தவிர எதற்கெல்லாம் பயப்படணும்?

மருந்துச்சீட்டு:
வண்டியில் அடிபட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். மற்றதில் நாய் வாலாட்டிக்கொண்டே வீடு வரும், நாலு நாள் கழித்துத்தான் படுக்கும். எங்கே போச்சு, என்ன தின்னுச்சு என்று டாக்டர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

தோப்புப் பக்கம் முதலில் எலி மருந்து. கேக் மாதிரி விற்கும் ப்ரோமடயலோன் ரத்தத்தை உறையவிடாது. தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும்; 3 முதல் 5 நாளில் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மலம் கருப்பாகப் போகும். வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். கருப்புப் பொடி (ஜிங்க் பாஸ்பைடு) வேறு ரகம்: வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகும், சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்க்கும். பாலும் சோறும் ஊட்டாதீர்கள், தீனி போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தால் அதை முகராமல் ஜன்னலைத் திறந்து விலகி நில்லுங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது. வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் ஊற்றுவது எந்த விஷத்துக்கும் வேண்டாம். சோடியம் ஏறி வலிப்பு வரும். பாக்கெட் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

'ஊசி போட்டாச்சு' என்றால் புத்தகத்தில் லெப்டோ (எலிக் காய்ச்சல்) இருக்கிறதா பாருங்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரில் வருவது அது, வருடா வருடம் போடணும். உண்ணிக் காய்ச்சலை இந்த ஊசிகள் தடுக்காது.

வேப்பமரத்தடி:
கருத்தடை இல்லாத ஆண் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருப் பெட்டையோடு சேர்ந்தால் TVT என்ற புற்றுக்கட்டி தொற்றும். புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டி வளர்வது. குறி நுனியில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் மூத்திரக் கடுப்பு என்று விட்டுவிடாதீர்கள். வின்கிறிஸ்டின் வாரம் ஒன்றாக 4 முதல் 6 ஊசியில் பெரும்பாலும் குணமாகும்.

பெட்டைக்காகச் சண்டையும் வரும். கோரைப்பல் பட்ட இடம் மேலே சின்ன ஓட்டையாகத் தெரியும், உள்ளே தோல் பிரிந்து சீழ் கட்டும். கையுறை போட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள். ரேபிஸ் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டி மறு ஊசி போடணும்.

கேட்டுக்காரர்:
அப்பா சொல்வதில் நியாயம் இருக்கு, நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு எரிச்சல் வரும். அதற்கு மருந்து, கூட ஒரு ஆள் நடப்பது. கன்னி ஓட்டத்துக்கே பிறந்த வேட்டை நாய், முயலைக் கண்டால் கூப்பிட்ட குரல் காதில் ஏறாது. காலை, மாலை முக்கால் மணி நேரம் நடத்துங்கள். தோப்புக்குள் 10 மீட்டர் நைலான் கயிறு. கழுத்துப் பட்டையில் கட்டாமல் ஹார்னஸில் மாட்டுங்கள், வேகமாக ஓடி கயிறு இழுத்தால் கழுத்து போய்விடும். அவிழ்த்துவிட ஆசையென்றால் ஆறடி கம்பி வலை வேலி, அடியில் ஒரு அடி மண்ணுக்குள்.

யாரையாவது கடித்தாலோ, பைக்கில் போகிறவர் குறுக்கே பாய்ந்தாலோ பொறுப்பு உங்களுடையது. பாரதிய நியாய சன்ஹிதா 291-ல் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தென்னந்தோப்பு:
நன்றிங்க. பாம்பு?

மருந்துச்சீட்டு:
நாய் மூக்கை நீட்டித்தான் பாம்பிடம் போகும், அதனால் முகத்திலும் முன்னங்காலிலும் கடி அதிகம். கண்ணாடிவிரியன் என்றால் வேகமாக வீங்கும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இருக்காது, பின்னங்கால் தள்ளாடும். கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கிளம்பும்போதே போன் போட்டு விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறதா கேளுங்கள், எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள்.