புதிய தயாரிப்பு உருவாக்கம் பாடத்தை ஃபைனல் இயருக்கு எப்படி நடத்துவது?

ஈரோடு_மெக்

வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். புதிய தயாரிப்பு உருவாக்கமும் தொழில்நுட்ப மேலாண்மையும் சேர்ந்த எலெக்டிவ் இந்த செமஸ்டர் எனக்கு வந்திருக்கிறது. அறுபது பேர் வகுப்பு. சிலபஸில் வாடிக்கையாளர் தேவை, ஹவுஸ் ஆஃப் குவாலிட்டி (வாடிக்கையாளர் கேட்பதைப் பொருளின் தொழில்நுட்ப அம்சங்களோடு இணைத்துக் காட்டும் அட்டவணை), பேட்டன்ட், தொழில்நுட்ப முன்கணிப்பு எல்லாம் இருக்கிறது, ஆனால் பசங்க யூனிட் வாரியாக நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மினி ப்ராஜெக்ட் கொடுத்தால் ஸ்மார்ட் குப்பைத் தொட்டி, லைன் ஃபாலோயர் ரோபோ, அதுவும் இல்லையென்றால் வெளியே காசு கொடுத்து வாங்கிய கிட். இது யாருக்கு வேண்டும், என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் பதில் இல்லை. ஷாஃப்டும் கியரும் நன்றாக டிசைன் செய்கிற பிள்ளைகள் இந்த ஒரு கேள்வியில் நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம். எங்கிருந்து தொடங்கலாம், சொல்லுங்கள்.

பம்ப்_டிசைனர்

மேடம், முதல் வாரம் ஸ்லைடு எதுவும் போடாதீர்கள். ரிப்பேர் கடையில் பழைய மிக்ஸிகள் கிடைக்கும், குழுவுக்கு ஒன்று கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், பொருள், செய்முறை, உத்தேச விலை எழுதட்டும், அதுதான் பில் ஆஃப் மெட்டீரியல். அப்புறம் கேள்வி கேளுங்கள். ஜாரையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளர் ஏன் பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ இருக்கிறது, உலோகத்தில் போட்டால் என்ன? யோசித்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்: பிளேடு சிக்கிக்கொண்டால் முதலில் உடைவது அதுதான், மோட்டார் தப்பிக்கிறது, புதுக் கப்ளர் எந்தக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அடியில் இருக்கிற, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஓவர்லோடு பட்டனையும் விடாதீர்கள். எது உடையலாம், எது உடையவே கூடாது, பழுது பார்ப்பவர் கை எங்கே நுழையும் என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிய வேண்டும்.

அடுத்தது டூலிங் செலவு, அதாவது பாகங்களை மொத்தமாகச் செய்யத் தேவையான அச்சுகளுக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவு. 3டி பிரிண்டரில் ஒன்று வந்துவிட்டால் பொருள் தயார் என்று நினைக்கிறார்கள், கேம்பஸில் வந்து எங்களிடம் சேர்கிற புதுப் பையன்கள் எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன். ஒரு மோல்டுக்கு (வார்ப்பு அச்சு) 4 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 எண்ணிக்கை விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 400 ரூபாய், 50,000 விற்றால் வெறும் 8 ரூபாய். இந்த ஒரு கணக்கை அவர்கள் கையாலேயே போட வைத்தால் சந்தை அளவு ஏன் முக்கியம் என்று தனியாக ஒரு யூனிட் நடத்த வேண்டியதில்லை.

மதுரை_வாத்தியார்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பிரித்துப் பார்த்தால் பொருள்தான் தெரியும், அதை வாங்குகிறவர் தெரியமாட்டார். நான் வகுப்பில் எம்ப்ரேஸ் என்ற, பச்சிளம் குழந்தைகளுக்குச் சூடு தரும் பையின் கதையை எடுப்பேன். 2007இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு விலை குறைந்த இன்குபேட்டர் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். நேபாளம் போய்ப் பார்த்தால் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் நகர மருத்துவமனையில் சும்மா கிடக்கின்றன, எடை குறைந்த குழந்தைகளோ மருத்துவமனைக்கே வராமல் கிராமத்து வீடுகளில் பிறக்கின்றன. ஆக, இன்குபேட்டரின் விலையைக் குறைத்து என்ன பயன்? தொடர்ந்து மின்சாரம் தேவைப்படாத, மெழுகு போன்ற பொருள் உருகி உறையும்போது 37 டிகிரியில் வெப்பம் தருகிற ஒரு குட்டித் தூக்கப் பையாக அது மாறிவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்குத் தெர்மோடைனமிக்ஸில் உள்ளுறை வெப்பம் தெரியும், அதை எங்கே வைப்பது என்பதைத்தான் கள ஆய்வு சொல்லிக்கொடுத்தது.

தொழில்நுட்ப மேலாண்மைக்கு எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது இறக்குமதிதான், ஏழைகளுக்கு எட்டாத விலை, அதனால் நிறையப் பேர் தடித்த கண்ணாடியோடு காலம் தள்ளினார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் தொடங்கி, வெளியிலிருந்து தொழில்நுட்பத்தைப் பெற்று மதுரையிலேயே செய்து விலையைப் பல மடங்கு குறைத்தது. நாமே கண்டுபிடிப்பதா, வெளியே வாங்குவதா, வாங்கினால் அதை உள்வாங்க ஆட்களை எப்படித் தயார் செய்வது என்று யூனிட் முழுவதையும் இதை வைத்தே நடத்தலாம்.

ஃபிலிம்ரோல்

கேமரா ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோரும் சொல்கிற மாதிரி வேண்டாம். 1975இல் அவர்களுடைய பொறியாளர் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமரா செய்தார், கம்பெனி அதைக் கண்டுகொள்ளவில்லை, 2012இல் திவால் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடமே கோடாக்தான்! ஃபிலிமில் கிடைத்த லாபம் கேமராவில் இல்லை என்பதுதான் சிக்கல். அதே ஃபிலிம் தொழிலில் இருந்த ஃபுஜிஃபிலிம் தன் கெமிஸ்ட்ரி அறிவை எல்சிடி திரைக்கான ஃபிலிமிலும் சருமப் பராமரிப்புப் பொருள்களிலும் போட்டுப் பிழைத்துக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து விவாதிக்க விடுங்கள், வகுப்பு சூடு பிடிக்கும்.

பேட்டன்ட் பற்றி ஒன்றே ஒன்று: ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பம் பதிய வேண்டும். புரொவிஷனல் (தற்காலிக விண்ணப்பம்) போட்டுவிட்டால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. இதைக் கல்லூரிகளில் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஈரோடு_மெக்

எல்லோருக்கும் நன்றி. மிக்ஸி யோசனையை அடுத்த வாரமே செய்துவிடுவேன். ஒரே சந்தேகம், இன்டர்னல் மார்க். ஒரு குழு கள ஆய்வு செய்துவிட்டு இந்தப் பொருளை யாரும் வாங்கமாட்டார்கள் என்று வந்து நின்றால் காட்ட மாடல் இருக்காது. எங்கள் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) மாடல் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.

பம்ப்_டிசைனர்

அந்தக் குழுவுக்குத்தான் மேடம் நல்ல மார்க் போட வேண்டும். கம்பெனியில் ஸ்டேஜ்-கேட் என்று ராபர்ட் கூப்பர் சொன்ன முறை இதற்காகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்வதா நிறுத்துவதா என்று கேட்பார்கள், மோல்டுக்குப் பணம் கட்டும் முன் நிறுத்தியவர் கம்பெனிக்கு லட்சங்களை மிச்சப்படுத்தியவர். செமஸ்டரில் மூன்று கேட் வையுங்கள்: யாருக்கு வேண்டும், செய்ய முடியுமா, என்ன விலைக்கு. மார்க் மாடலுக்கு இல்லை, முடிவுக்குக் கொடுத்த ஆதாரத்துக்கு. யாரிடம் பேசினார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், செலவுக் கணக்கு என்ன என்று ஒரு ஃபைல் இருந்தால் ஹெச்ஓடியிடம் மாடலுக்குப் பதில் அதை நீட்டலாம். முதல் கேட்டிலேயே நிறுத்திய குழு மீதி நாட்களில் இரண்டாவது யோசனையை எடுக்கட்டும். முடிந்தால் வைவாவுக்கு அந்த மிக்ஸி ரிப்பேர்க் கடைக்காரரையும் கூப்பிடுங்கள், விலையைப் பற்றி அவர் கேட்கிற கேள்வி நம் யாருக்கும் தோன்றாது.