கேனுக்கு ஒரு இரண்டாம் சுற்று, ஜனோவுக்கு ஐந்து பிக்: இது என்ன விலை?

ஹட்டன்பனி:
என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) டெட்லைன், அதாவது சீசனில் அணிகள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள், அந்தக் கணக்கு ஒன்று பிடிபடவில்லை. 2023 பெப்ரவரி 26இல் டெம்பா பே அணி, அந்த சீசனில் 5 கோல் மட்டும் அடித்திருந்த டெனர் ஜனோவுக்காக ஐந்து ட்ராஃப்ட் பிக்கும் (புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; முதல் சுற்றுக்குத்தான் மதிப்பு அதிகம்) கெல் ஃபூட் என்ற ஆட்டக்காரரையும் நாஷ்வில் அணிக்குக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, மூன்று ஸ்டான்லி கிண்ணம் வென்ற பெட்ரிக் கேன் சிக்காகோவிலிருந்து நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். சிக்காகோவுக்குக் கிடைத்ததில் பெரியது, நிபந்தனையோடு ஒரு இரண்டாம் சுற்று பிக். நல்ல சரக்குக்குத்தானே நல்ல விலை?

போஞ்சிக்கொடி:
சரக்கைப் பார்க்காதீங்க, எத்தனை பேர் கேட்கிறாங்கன்னு பாருங்க. கேனின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாத விதி இருந்தது. அவர் போக நினைத்தது ரேஞ்சர்ஸுக்குத்தான். கரட் ஏற்ற ஒரே லொறிதான் வந்ததென்றால் விலையை லொறிக்காரர்தான் சொல்வார். விற்காமல் வைத்திருந்தால் ஜூலை 1இல் ஒப்பந்தம் முடிந்து, சும்மா போய்விடுவார்.

ஜனோவுடைய கெப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பு) கணக்கு 8 இலட்சம் டொலர்தான். எந்த அணியாலும் தாங்க முடியும், அதனால் கேட்பவர் அதிகம். சீசன் முடிந்தாலும் அவரது உரிமை அணியிடமே இருக்கும். முந்தைய சீசனில் 24 கோல் வேறு. அப்படியும் டெம்பா கொடுத்தது கூடுதல் என்பதுதான் என் கணக்கு.

லிந்துலை லெஃப்ட்விங்:
கெப் பக்கத்தை விட்டுட்டீங்களே. கேனின் கெப் 1.05 கோடி டொலர். சிக்காகோ பாதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டது, நடுவில் நின்ற அரிசோனா அணி இன்னொரு கால் பங்கு. ரேஞ்சர்ஸுக்கு மிஞ்சியது 26.25 இலட்சம். ஒரு அணி ஒரு ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 50 வீதம்தான் தாங்கலாம், அப்படி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தம்தான். ஆக சம்பளம் தாங்கும் அந்த இடமே விலைக்குப் போகிற பொருள்: அரிசோனாவுக்கு ஒரு மூன்றாம் சுற்று பிக் கிடைத்தது. 2021இல் டேவிட் சவார்ட் டெம்பாவுக்குப் போனபோது டெட்ரொயிட் இதே வேலைக்கு நான்காம் சுற்று வாங்கியது.

பழைய உதாரணத்தை வைத்து இன்று கணக்குப் போடாதீங்க. 2025-26 முதல் ஒரே மூச்சில் இரண்டு அணி தாங்குவது முடியாது.

போஞ்சிக்கொடி:
சரிதான். இன்னொன்று, வரத்து. 32 அணியில் 16 பிளேஓஃப் (கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகள்) போகும். இரண்டு மூன்று புள்ளி பின்னால் நிற்கிற அணி கடைசி வாரம் வரை விற்காது. 2025இல் சென்டர் (முன்வரிசையின் நடுவில் ஆடுகிற) ஆட்டக்காரர் தட்டுப்பாடு. மார்ச் 6இல் ப்ரொக் நெல்சனுக்காக கொலராடோ, கெலம் ரிச்சி என்ற இளம் ஆட்டக்காரரையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் கொடுத்தது. மறுநாள் ஸ்கொட் லோட்டன், மூன்றாம் வரிசை ஆள்தான், அவருக்கும் டொரொண்டோ ஒரு முதல் சுற்று கொடுத்தது. தட்டில் மிஞ்சியதுக்குத்தான் அந்த விலை. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு அறைக்கு என்ன வாடகை கேட்கிறாங்க? அதே அறையை ஜூனில் கேட்டுப் பாருங்க.

ஹட்டன்பனி:
அப்படியென்றால் அதே நாள் பொஸ்டனின் மார்ஷண்ட் ஃப்ளொரிடாவுக்கு ஏன் ஒரு இரண்டாம் சுற்று பிக் விலைக்குப் போனார்?

லிந்துலை லெஃப்ட்விங்:
36 வயது, அப்போது காயம், ஒப்பந்தமும் முடிகிறது. பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: ஃப்ளொரிடா பிளேஓஃப்பில் இரண்டு சுற்று வென்று, அவர் பாதி ஆட்டமாவது ஆடினால் அந்த பிக் முதல் சுற்றாக மாறும். ஃப்ளொரிடா கிண்ணமே எடுத்தது, பொஸ்டனுக்கு முதல் சுற்றும் போனது. டெட்லைன் அன்று நமக்கு அதிகாலை 1.30 மணி. விலையோடு நிபந்தனையையும் வாசிச்சுட்டுப் படுங்க.